பாப்பாத்தியம்மாளின் ஐயா பேர்

மே மாதக் கடைசியில் பாளையங்கோட்டையிலிருந்து அத்தை கூப்பிட்டாள். எண்பத்திரண்டு வயதாகிறது. காது மந்தம் என்பதால் போனில் எப்போதும் உரக்கத்தான் பேசுவாள். சபை மலர் ஒன்று போடுகிறார்களாம். மூத்தவர்களைப் பற்றி ஒரு பக்கம் அவள் எழுதித் தர வேண்டுமாம். அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே த/பெ, க/பெ, ஊர் என்று மூன்று கோடு. முதல் பெயர் பாப்பாத்தியம்மாள்.

"நீ தஞ்சாவூர்லதான இருக்க. அவுக ஐயா பேரு அங்கன எங்கயாவது எழுதிருக்கான்னு பாருட்டி."

"அத்தை, இருநூத்தம்பது வருஷம் ஆச்சே."

"ஆகட்டும். பெத்தவன் பேரு இல்லாம ஒரு பொம்பள எப்படி இருப்பா?"

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நெல்லைக் கிறிஸ்தவ வீடுகளில் சர்ச் என்று யாரும் சொல்வதில்லை, கோயில் என்றுதான் சொல்வோம். பாளையங்கோட்டையில் உள்ள பழைய கோயிலுக்குப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று பெயர். அதைக் கட்டிய பெண்ணின் ஞானஸ்நானப் பெயர் குளோரிந்தா. கிளாரிந்தா என்றும் எழுதுவார்கள். சிலர் முன்னால் ராசா சேர்த்து ராசா கிளாரிந்தா என்பார்கள். தஞ்சாவூர்க்காரர், மராத்தி பேசும் பிராமணக் குடும்பம், இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு வாழ்ந்து, அவரோடு பாளையங்கோட்டைக்கு வந்து, அவரிடமே வேதத்தைக் கற்றவர். அதிகாரி இறந்த பிறகு 1778-இல் ஜெர்மன் பாதிரியாரான சுவார்ட்ஸ் ஐயர் கையால் ஞானஸ்நானம் பெற்றார். 1780-இல் எழுதப்பட்ட சபைப் பட்டியலில் 40 பேர் இருக்கிறார்கள். பல சாதியினர் கலந்த அந்தப் பட்டியலில் முதல் பெயர் இவருடையது. 1785-இல் அவர் கட்டிய கோயிலைச் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். அந்த நாற்பது பெயரிலிருந்து கிளைத்ததுதான் திருநெல்வேலித் திருச்சபை.

இவ்வளவும் ஞாயிறு பள்ளியிலேயே எங்களுக்குப் பாடம். எங்களில் ஒருவருக்கும் அவர் ரத்த உறவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்லித் தந்ததில்லை. அவருக்குப் பிள்ளை பிறந்ததாகக் குறிப்பு கிடையாது. வளர்ப்பு மகன் ஒருவன் இருந்தான். அவனுக்கு வைத்த பெயர் ஹென்றி லிட்டில்டன், தன்னைக் கைவிடாத அதிகாரியின் பெயர். ஆனாலும் அத்தை 'எங்க மூத்தவுக' என்கிறபோது தன் பாட்டியின் பாட்டியைச் சொல்லும் அதே குரல்தான் வருகிறது.

நான் தஞ்சாவூருக்கு வேலை மாற்றலில் வந்து முப்பத்தொரு வருஷமாகிறது. வந்த புதிதில் மேலவீதிப் பக்கம் ஒரு ராயர் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். அந்த வீட்டுப் பாட்டி மராத்திக்காரர். தஞ்சாவூர் மண்ணில் முந்நூறு வருஷம் ஊறிய மராத்தி அது, பாதி தமிழ். கைம்பெண், நார்மடி உடுத்தி முக்காடிட்டிருப்பார். மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் திண்ணைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கதை சொல்வார். கணவர் வீட்டில் ஏழு தலைமுறைப் பெயரை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். ஒரு நாள், "உங்க அப்பா பேர் என்ன பாட்டி?" என்று கேட்டுவைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அண்ணான்னுதான் டீச்சர் எல்லாரும் கூப்பிடுவோம். பேர்… இருங்கோ" என்றார். அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தப் பெயர் அவர் வாயில் வரவில்லை.

அதே பாட்டிதான் இன்னொன்றும் சொன்னார். அவர்களுடைய கல்யாணத்தில் பெண்ணுக்குப் புகுந்த வீட்டார் புதுப் பெயர் வைப்பார்கள். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, மாப்பிள்ளை கையில் மோதிரத்தைக் கொடுத்து, அந்த அரிசியின் மேல் எழுதச் சொல்வார்களாம். எழுதியதை எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள். அதன் பிறகு பெண்ணுக்கு அதுதான் பெயர். "அந்த அரிசியை என்ன செய்வா பாட்டி?" என்று கேட்டேன். "என்ன செய்வா? அள்ளி வச்சு உலையில போடுவா" என்றார்.

பாப்பாத்தியம்மாளை நினைக்கும்போதெல்லாம் அந்தத் தாம்பாளம் நினைவுக்கு வருகிறது. அவருக்கும் அப்படி ஒரு கல்யாணம் நடந்திருந்தால், பிறந்த வீட்டுப் பெயர் ஒன்று, அரிசியில் எழுதிய பெயர் ஒன்று, ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர் ஒன்று. நான்காவதாக ஊர் வைத்த பெயர். முதல் இரண்டும் போய்விட்டன. மூன்றாவது ஏட்டில் இருக்கிறது. பாளையங்கோட்டைத் தெருவில் இன்றுவரை நிலைத்திருப்பது நான்காவதுதான். அது பெயர்கூட இல்லை, சாதியைச் சொல்லும் சொல். அவர் எதை விட்டுவிட்டு வந்தாரோ அதைக் கொண்டே அவரைக் கூப்பிட்டார்கள். சின்ன வயதில் எனக்கு இது தவறாகவே படவில்லை. இப்போது படுகிறது.

அவர் பிறந்த வீட்டைப் பற்றி எழுத்தில் கிடைப்பது சுவார்ட்ஸின் சுருக்கமான சொற்கள்தான். தஞ்சை ராஜாவிடம் வேலை பார்த்த பிராமணரின் விதவை, அதிகாரி கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லியிருந்தார், முன்னால் ஞானஸ்நானம் கேட்டபோது மணமாகாமல் வாழ்வதைக் காரணம் காட்டி மறுக்கவேண்டியிருந்தது, இப்போது கொடுத்தாயிற்று. பாதிரியாருக்கு வேண்டியது அவர் ஆத்துமாவின் நிலை. யார் மனைவி, யாரோடு வாழ்ந்தார் என்பது அதற்குத் தேவைப்பட்டது, எழுதினார். யார் மகள் என்பது தேவைப்படவில்லை.

அந்த இடம் வெற்றிடமாகவே இருந்துவிடவில்லை. 'ராசா' என்ற ஒட்டை வைத்துக்கொண்டு அரண்மனைத் தொடர்பு உள்ளவர் என்றார்கள். பெருங்குளத்து மாதவையா 1915-இல் ஆங்கிலத்தில் 'கிளாரிந்தா' நாவலை எழுதினார். தஞ்சை மராத்தியர் அரசு, பால்ய விவாகம், கணவன் சிதை, அதிலிருந்து ஆங்கிலேய அதிகாரி மீட்பது என்று அதில் அவருக்கு முழுமையாக ஒரு பிறப்பும் வளர்ப்பும் கிடைத்தன. மாதவையா பிராமணர், சமூக சீர்திருத்தவாதி; கைம்பெண்களின் துயரம் அவரை விடாமல் அலைக்கழித்தது. அந்த நாவலை நான் மதிக்கிறேன். ஆனால் எங்கள் ஊர்ப் பிரசங்கங்களில் உடன்கட்டைக் காட்சி வரும்போது, சொல்பவர் சுவார்ட்ஸைச் சொல்கிறாரா மாதவையாவைச் சொல்கிறாரா என்று அவருக்கே தெரிவதில்லை. தகப்பன் இல்லாத இடத்தில் நாவலாசிரியர் தகப்பனாகிவிட்டார்.

அத்தைக்காகத் தேடத் தொடங்கினேன். சரஸ்வதி மகால் நூலகத்தில், மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் ஆயிரக்கணக்கான காகிதங்கள் இருக்கின்றன. ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி அச்சிட்டிருக்கிறது. நான் புரட்டிய பக்கங்களில் கணக்கு, கணக்கு, மேலும் கணக்கு. யாருக்கு என்ன தானம், எந்தச் சத்திரத்துக்கு எவ்வளவு அரிசி, எந்த யானைக்கு என்ன செலவு. அரண்மனையிலிருந்து காசோ அரிசியோ போகிற வழியில் நின்றவர்களுக்குப் பெயர் இருக்கிறது. வீட்டை விட்டுப் போன ஒரு பெண்ணுக்கு எந்தக் கணக்கிலும் வரவு இல்லை.

இல்லாமல் போனது கவனக்குறைவாலும் இருக்காது. சாதியிலிருந்து விலகிப் போனவரை உயிரோடிருக்கும்போதே இறந்தவராக எண்ணிச் செய்யும் சடங்கு ஒன்று சாஸ்திரத்தில் உண்டு. கடஸ்ராத்தம் என்பார்கள். உறவுக்காரர்கள் கூடி ஒரு குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்துவிடுவார்கள், அவ்வளவுதான். அதன்பின் அந்தப் பெயருக்கு எள்ளும் தண்ணீரும் கிடையாது. திருவையாற்றில் புஷ்யமண்டபப் படித்துறையில் ஆடி அமாவாசையன்று நின்றிருக்கிறேன். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, அம்மா, அவள் மாமியார், அவளுக்கும் மாமியார் என்று பெயர்கள் காவிரித் தண்ணீரில் விழுந்துகொண்டே இருக்கும். கையில் தர்ப்பையோடு இருப்பவர் தயங்கினால் வாத்தியார் பொறுமையாக, "ஞாபகப்படுத்திண்டு சொல்லுங்கோ" என்பார். அப்படிப்பட்ட ஒரு படித்துறையில், ஏதோ ஒரு வருஷம், ஒரு குடும்பம் ஒரு குடத்தைக் கவிழ்த்திருக்கலாம். அந்தக் குடும்பத்தில் ஒருவராவது திரும்பி நடக்கும்போது அழுதிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1771-இல் ஆற்காட்டு நவாபுக்காகக் கம்பெனிப் படை தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டது. 1773-இல் கோட்டை விழுந்து துளஜா மன்னர் சிறைப்பட்டார். 1776-இல் கம்பெனியே அவரைத் திரும்ப அரியணையில் உட்கார வைத்தது. அந்த ஐந்தாறு வருஷத்தில் வீதியில் சிப்பாய்கள் நடமாடாத நாள் அரிது. 1781-இல் ஹைதர் அலியின் படை வந்து டெல்டாவையே சூறையாடியது. வாய்க்கால்கள் உடைந்தன, வயல்கள் தரிசாயின, ஊர்கள் காலியாயின. அதற்குப் பிறகும் அதிகாரிகளின் கெடுபிடி தாங்காமல் குடியானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ராஜா கூப்பிட்டும் வராதவர்கள் சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்த பிறகே வந்தார்கள், ஒரே நாளில் ஏழாயிரம் பேர் என்று அவருடைய வரலாற்றில் இருக்கிறது. பருவம் தப்புகிறது, உடனே உழவில் இறங்குங்கள் என்றாராம். ஏழாயிரம் பேர் திரும்பி வந்த கணக்கு இருக்கிறது. அதற்குச் சில வருஷம் முன்னால் போய், திரும்பாத ஒருத்தியின் வீடு எந்த வீதி என்று மட்டும் இல்லை.

இதே தஞ்சாவூரில் இதே காலத்தில் இன்னொருவருடைய பிறப்பைப் பற்றி ஊரே வழக்காடிக்கொண்டிருந்தது. 1787-இல் மரணப் படுக்கையில் துளஜா ஒரு பத்து வயதுப் பையனைத் தத்தெடுத்தார். போன்ஸ்லே குலத்தின் வேறொரு கிளையில் 1777-இல் பிறந்த பிள்ளை, சரபோஜி. பையனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சுவார்ட்ஸ் கையில் கொடுத்தார். மன்னர் கண் மூடியதும் தம்பி அமர்சிங் தகராறு செய்தார். பையனுக்கு வயது மீறிவிட்டது, தகப்பனுக்கு ஒரே மகனைத் தத்துக் கொடுக்கக் கூடாது, தத்து எடுத்தபோது மன்னருக்குச் சுயபுத்தி இல்லை என்றெல்லாம் வாதம். பண்டிதர்கள் முதலில் தத்து செல்லாது என்றார்கள். அமர்சிங் பட்டமேறினார். பிறகு வேறு ஊர்ப் பண்டிதர்களைக் கேட்டுக் கம்பெனி மனம் மாறி, 1798-இல் சரபோஜி அரசரானார். அடுத்த வருஷமே ராஜ்யம் கம்பெனியிடம் போய்விட்டது.

ராஜ்யம் போன அந்த மனிதர் 1803-இல் செய்த காரியத்தைப் பெரிய கோயிலில் பார்க்கலாம். பிராகாரத்தின் தென்மேற்கு மூலைக்குப் போங்கள். சுவர் நெடுகத் தேவநாகரி எழுத்தில் மராத்திக் கல்வெட்டு. போன்ஸ்லே வம்சத்தின் வரலாறு, சூரியகுலத்தில் தொடங்கிச் சரபோஜி வரை. நம் நாட்டிலுள்ள மிக நீளமான கல்வெட்டுகளில் ஒன்று. உச்சி வெயிலில் கல் சுடும். எழுத்து சிறிது, வரி நெருக்கம். விரலை வைத்துக்கொண்டு தொடர்ந்தால் நாலு வரிக்குள் இடம் தப்பிவிடும். சுற்றுலா வந்தவர்கள் அதன்மேல் சாய்ந்து தண்ணீர் குடிப்பார்கள். யாருடைய மகன் என்று பத்து வருஷத்துக்கு மேல் கேள்வி கேட்கப்பட்டவர், நான் இன்னாருடைய மகன், அவர் இன்னாருடைய மகன் என்று ராஜராஜன் கட்டிய கோயிலிலேயே கல்லில் வெட்டிவைத்துவிட்டார். எத்தனையோ முறை அந்த மூலையைத் தாண்டிப் போயிருக்கிறேன். அத்தை கேட்ட பிறகுதான் அங்கே நின்றேன்.

தகப்பன் பெயர் எழுதப்படுவது அதில் ஏதாவது தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான். சிம்மாசனம், நிலம், மானியம், கொள்ளி வைக்கும் உரிமை. பாப்பாத்தியம்மாளின் பிறப்பில் எதுவும் தொங்கவில்லை. அவர் எதையும் கேட்டு வழக்குப் போடவில்லை. கேட்டதெல்லாம் சபைக்கு ஒரு ஊழியர். அதையும் தான் விட்டுவந்த தஞ்சாவூரிடமே கேட்டார். சுவார்ட்ஸ் சத்தியநாதனை அனுப்பினார். 1790 டிசம்பரில் தஞ்சாவூரில் வைத்துச் சத்தியநாதனுக்குக் குருப்பட்டம் கொடுத்து, நெல்லைக்கு முதல் போதகராக அனுப்பியதும் அந்தத் தொடர்ச்சிதான்.

பதிலுக்கு நெல்லை ஒரு பிள்ளையைத் தந்தது. பாளையங்கோட்டைச் சபையின் தேவசகாயம் பிள்ளையுடைய மகன் வேதநாயகம், 1774-இல் பிறந்தவன். சுவார்ட்ஸ் அவனைப் பன்னிரண்டாம் வயதில் தகப்பனிடம் கேட்டு வாங்கித் தஞ்சாவூருக்குக் கூட்டிவந்தார். அவன்தான் பின்னால் வேதநாயகம் சாஸ்திரியார், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். சரபோஜியும் அவரும் ஒரே ஆசானிடம் வளர்ந்தார்கள். சிவகங்கைத் தோட்டத்துக்கு அருகே 1779-இல் சுவார்ட்ஸ் கட்டிய கோயிலில் சரபோஜி ஒரு சலவைக்கல் சிற்பம் வைத்திருக்கிறார். லண்டனில் ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது. கட்டிலில் சாய்ந்தபடி கிழவர். அவர் கையைப் பற்றிக்கொண்டு தலைப்பாகையோடு சரபோஜி. பக்கத்தில் பள்ளிக்கூடப் பையன்கள். கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு ஜெர்மன்காரர் சாகும்போது, படுக்கையைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அந்தக் கை மட்டும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. இறுகப் பிடித்த கை இல்லை, தந்தையின் கைக்குள் மகன் கையை வைத்துக்கொள்வதுபோல இருக்கிறது. பாப்பாத்தியம்மாளுக்குத் தண்ணீர் தெளித்துப் பெயரிட்டதும் அந்தக் கிழவர்தான்.

பெயர் என்றதும் சொல்லவேண்டிய இன்னொன்று. குளோரிந்தா வேதாகமப் பெயர் இல்லை. ஐரோப்பாவில் அதைப் பரப்பியது இத்தாலியக் கவி டாஸோ. 1581-இல் வெளிவந்த அவருடைய எருசலேம் காவியத்தில் வரும் வீராங்கனை. எத்தியோப்பிய அரசிக்கு வெள்ளை நிறத்தில் பிறந்துவிடுகிறாள். கணவன் சந்தேகப்படுவானே என்று பயந்து, தாய் அவளை ஒரு வேலைக்காரன் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறாள். தாய் கிறிஸ்தவள், பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமலே வளர்கிறது. தன் பெற்றோர் யார் என்பது அவளுக்குக் கடைசி இரவில்தான் தெரிகிறது. அன்றிரவே, அவளை நேசிக்கும் தாங்கிரேதி ஆள் தெரியாமல் அவளோடு போரிட்டுக் காயப்படுத்துகிறான். ஓடைத் தண்ணீரைத் தலைக்கவசத்தில் மொண்டு வந்து, சாகிறவளுக்கு அவனே ஞானஸ்நானம் கொடுக்கிறான்.

பிறப்பு மறைக்கப்பட்டவள், அயல் படைவீரனின் காதல், ஞானஸ்நானம். தஞ்சாவூர்ப் பெண்ணுக்கு இந்தப் பெயர் தற்செயலாக அமைந்ததோ, அந்தக் கதையை அறிந்த ஒருவர் யோசித்து வைத்ததோ, இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. டாஸோவின் குளோரிந்தாவுக்குக் கதை சொல்ல ஒரு வேலைக்காரக் கிழவன் இருந்தான். எங்கள் மூத்தவருக்குச் சாராள் என்று ஒரு பணிப்பெண் இருந்தாள், எசமானியோடு சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றவள். அவளுக்குத் தெரிந்திருக்கும். சமையல்கட்டில், இரவில், பேச்சுவாக்கில், எங்கள் அண்ணா என்று ஒரு முறையாவது அந்த அம்மாள் அவளிடம் சொல்லியிருக்க மாட்டாரா? சாராளிடம் யாரும் கேட்டு எழுதவில்லை.

இங்கேயுள்ள காவிரியையும் அங்கேயுள்ள தாமிரபரணியையும் மாறி மாறிப் பார்த்தவள் நான். இரண்டு கரையிலும் நெல்தான், நாற்றங்கால் பச்சை ஒன்றுபோலத்தான் இருக்கும். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய், வல்லநாட்டு மலையைத் தூரத்தில் பார்த்து, மறுபடி ஒரு ஆற்றையும் வயலையும் கண்டபோது அந்த அம்மாளுக்கு ஊர் ஞாபகம் வந்திருக்கும். எனக்கு எதிர்ப்பக்கமாக வந்தது. மாற்றலாகி வந்த முதல் வருஷம் வடவாற்றுப் பாலத்தில் நின்று அழுதிருக்கிறேன். எனக்கு ஐயா இருந்தார், மாதம் இரண்டு கடிதம் போடுவார்.

ஜூன் மூன்றாம் வாரம் அத்தையே மறுபடி கூப்பிட்டாள்.

"என்னட்டி, கிடைச்சுதா?"

"இல்ல அத்தை. ஐயா பேரு எங்கயும் எழுதல. புருசன் பேரும் எழுதல."

"வெள்ளக்காரன் பேரு மட்டும் இருக்கு, என்ன?"

"ஆமா."

பேச்சில்லை. தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அவுக அம்மை தேடிருப்பாள்லா?"

"தேடியிருப்பாங்க அத்தை."

"சரி. ஊருங்கிற எடத்துல தஞ்சாவூர்னு பெருசா எழுதிக்கிடுதேன். மத்த ரெண்டு கோட்டையும் எடுத்துரட்டான்னு கேட்டான் அந்தப் பையன். எடுக்காத, அப்படியே அச்சுல வரட்டும்னு சொல்லிட்டேன். அவுகளுக்கும் ஒரு ஐயா இருந்தாருன்னு தெரியட்டும்."

அப்புறம் வழக்கம்போலக் கேட்டாள். "அங்கன தண்ணி வந்துட்டா?"

வந்துவிட்டது. மேட்டூர் திறந்து பத்து நாளாகியிருந்தது. அன்று காலைதான் புதுஆற்றில் முதல் தண்ணீர், நுரையும் சருகுமாக, செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே பாலத்துக்கு நடந்தேன். அத்தைக்குக் கேட்கட்டுமென்று கைப்பிடிச் சுவருக்கு வெளியே போனை நீட்டினேன்.